மேசை தட்டிய சத்தத்தில் போன ஒரு வாக்கியம்

சட்டமன்ற உறுப்பினர்களிடம் புதிதாக உதவியாளராகச் சேர்கிற பிள்ளைகள் சிலர் இன்றும் என்னைத் தேடி செங்கல்பட்டுக்கு வருகிறார்கள். வந்து உட்கார்ந்ததும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். எந்த மனுவை எந்த அலுவலகத்துக்கு அனுப்பினால் வேலை நடக்கும்? அது பெரிய வித்தை இல்லை. கொஞ்ச நாள் படி ஏறி இறங்கினால் தானாக வந்துவிடும். அதைச் சொல்லிக்கொடுக்க ஓய்வு பெற்ற கிழவன் ஒருவன் எதற்கு?

நான் சொல்ல நினைப்பது வேறு. உங்கள் உறுப்பினர் ஒரு நாள் சபையில் எழுந்து நிற்பார். ஐந்து நிமிடம் கொடுப்பார்கள். அந்த ஐந்து நிமிடத்துக்காக நீங்கள் மாதக்கணக்கில் அலைந்திருப்பீர்கள். ஒரு ஊர் காத்துக்கொண்டிருக்கும். மந்திரிகூட மனசு இளகியிருப்பார். அத்தனையும் பிழைப்பதும் சாவதும் அந்த நேரத்துக்குள்தான். சாவதை நான் பார்த்திருக்கிறேன். பார்வையாளர் மாடத்தில், வாயைத் திறக்க உரிமை இல்லாத இடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வருடங்கள் எத்தனையோ ஓடிவிட்டன, அது மட்டும் என்னை விடவில்லை.

நான் யாரிடம் உதவியாளராக இருந்தேனோ அவரை அண்ணன் என்றே சொல்கிறேன். கட்சியில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டோம். பெயர் வேண்டாம், அவர் பிள்ளைகள் இருக்கிறார்கள். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகக் கடற்கரைக்குப் போகிற தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். தொழிற்சங்கத்தில் சேர்ந்து, அங்கிருந்து கட்சிக்கு வந்து, தொண்ணூறுகளின் நடுவில் ஜெயித்து சபைக்குப் போனார். சட்டம் படித்தவர் இல்லை. ஆனால் சட்டத்தைப் பற்றியும் அரசாங்கச் செலவைப் பற்றியும் அவருக்கென்று ஒரு கருத்து இருந்தது. பஸ்ஸில் நின்றுகொண்டே யோசித்த கருத்து அது.

"கேளம்பாக்கத்துலேர்ந்து கல்பாக்கம் போறவன் வழியில எத்தினி ஊராட்சிய தாண்டறான் பாரு. ஒரு ஊர்ல லைட்டு எரியும், அடுத்த ஊர்ல இருட்டு. ஒருத்தன் ரோடு போட்டுகினு வருவான், எல்லை வந்ததும் நிறுத்திடுவான். மிச்சம் பள்ளமா கெடக்கும். கேட்டா, அது என் எல்லை இல்லம்பான். பஸ்ஸுக்கு இன்னா எல்லை கீது? பள்ளத்துல எறங்கி ஏறறவன் இடுப்புக்கு இன்னா எல்லை கீது?" என்பார்.

சின்னச் சின்ன ஊராட்சிகள் தனித்தனியாகக் கிடந்தால் ஒரு பாலம்கூடக் கட்ட முடியாது, சேர்ந்தால்தான் வரியும் சேரும், செலவும் உருப்படியாக இருக்கும் என்பது அவருடைய நம்பிக்கை. செலவு விஷயத்தில் இன்னும் கறார். ஒரு ஊர்க்காரர்கள் மாலையோடு வந்து, தொகுதி நிதியில் ஊர் முகப்பில் வளைவு கட்டிக் கொடுங்கள், உங்கள் பெயரைப் பெரிதாகப் போடுகிறோம் என்றார்கள். எந்த அரசியல்வாதிக்கும் தேன் தடவிய விண்ணப்பம்.

"வளைவுக்குக் கீழ இன்னா போவும்?" என்று கேட்டார் அண்ணன்.

"ரோடு போவும்ணே."

"ரோடு கீதா?"

ரோடு இல்லை. அண்ணன் ரோடு போட்டுக் கொடுத்தார், வளைவு கட்டவில்லை. அடுத்த தேர்தலில் அந்த ஊர் எங்கள் கட்சிக்கு ஓட்டுப் போடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நல்லது செய்தால் நன்றி தானாக வரும் என்று நினைத்து இந்த வேலைக்கு வராதீர்கள்.

இப்படிப்பட்டவர் சபையில் இருந்தபோதுதான் அந்த மசோதா வந்தது. பெயரும் எண்ணும் இப்போது எதற்கு, சாரம் இதுதான். நகரங்களை ஒட்டியும் கடற்கரையை ஒட்டியும் உள்ள சிறு ஊராட்சிகளைக் கலைத்து, பக்கத்துப் பேரூராட்சிகளோடு இணைப்பது. இனி வரியும் செலவும் ஒரே மன்றத்தின் கையில். அண்ணனுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். "நான் பஸ்ஸுல கத்திகினு வந்தது இப்பத்தான் இவங்க காதுல உழுந்துது" என்று சட்டமன்ற உறுப்பினர் விடுதி அறையில் இருந்த எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்தார்.

அந்த வாரமே கன்னியம்மா வந்தார்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே திட்டுக்குப்பம் என்று ஒரு சின்ன மீனவ ஊர். அதன் ஊராட்சித் தலைவர் கன்னியம்மா. கருவாட்டு வியாபாரம். தலைவர் பதவி பெண்ணுக்கு என்று ஒதுக்கப்பட்டபோது, ஊர்ப் பெரிய ஆம்பிளைகள் தங்கள் மனைவிமார் பெயரை ஆளுக்கொன்றாகச் சொல்லிச் சண்டை போட்டு, கடைசியில் யாருக்கும் வேண்டாதவர் என்று இந்த அம்மாவை நிறுத்தினார்கள். கையெழுத்து மட்டும் போட்டுக்கொண்டு கிடப்பார் என்று எண்ணினார்கள். அவர்கள் எண்ணம் பலிக்கவில்லை.

அந்த ஊருக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மணல்மேடு. கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும், மேட்டில் கையால் பள்ளம் பறித்தால் நல்ல தண்ணீர் ஊறும். ஊரே அதைத்தான் குடித்தது. யாரும் மேட்டில் ஆழ்துளைக் கிணறு போடக் கூடாது, ஆழமாக உறிஞ்சினால் கடல் உள்ளே வந்துவிடும் என்று ஊராட்சியில் தீர்மானம் போட்டு வைத்திருந்தார்கள். கடற்கரை விடுதி கட்ட இடம் தேடி வந்தவர்களை அந்தத் தீர்மானத்தைச் சொல்லியே கன்னியம்மா திருப்பி அனுப்பியிருந்தார். விடுதிக்கு வரும் விருந்தாளிகள் குளிக்கத் தொட்டி தொட்டியாகத் தண்ணீர் வேண்டும் அல்லவா?

"அண்ணா, ஊருங்கள சேக்கறாங்களாமே" என்று ஆரம்பித்தார் கன்னியம்மா. "சேக்கட்டும், வேணாம்னு சொல்லல. ரோடு வரும், லைட்டு வரும்னு எங்காளுங்களும் ஆசையாத்தான் கீறாங்கோ. ஆனா மேட்டுக்குத் தீர்மானம் போட்டது எங்க ஊராட்சி. ஊராட்சியே இல்லன்னு ஆயிட்டா அந்தத் தீர்மானம் இன்னா ஆவும்?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான், செல்லாது, புது மன்றம் புதிதாக முடிவெடுக்கும் என்றேன்.

"புது மன்றத்துல எல்லாம் டவுனு ஆளுங்கோ. அவங்களுக்கு விடுதி வந்தா வரி, வேலை. எங்களுக்குத் தண்ணி போனா இன்னா பண்றது? கடல் தண்ணிய காய்ச்சிக் குடிக்கறதா?"

அண்ணன் ஆசைப்பட்ட சட்டத்தில் இப்படி ஓர் ஓட்டை இருக்கும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. பிறகு சொன்னார்:

"சேர்றது வேற, முழுங்கறது வேற கன்னிம்மா. நான் சேரச் சொன்னேன். முழுங்கச் சொல்லல. சபையில எழுந்து கேக்கறேன். மேட்டுக்கு ஒரு விலக்கு வாங்கித் தரேன். இது என் வார்த்தை."

அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். போகும்போது என்னிடம் ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடு கொடுத்தார். விடுதி அறை ரெண்டு நாள் மணத்தது, பக்கத்து அறை உறுப்பினர் சைவம், அவரிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

நாங்கள் மந்திரியைப் பார்த்தோம். நல்லவர். கெட்டவர்கள்தான் காரியத்தைக் கெடுப்பார்கள் என்று எண்ணாதீர்கள், இந்தக் கதையில் கெட்டவர் யாரும் இல்லை. முழுவதும் கேட்டுவிட்டு, "நியாயமாத்தான் இருக்கு. ஆனா நானா சேர்த்தா, யாருக்காகச் சேர்த்தேன்னு கேள்வி வரும். நீங்க விவாதத்துல கேளுங்க. ஊற்று இருக்கிற மணல்மேடுகளுக்குப் பழைய ஊராட்சிங்க போட்ட கட்டுப்பாடு தொடரும்னு பதிலுரையில அறிவிச்சு, ஒரு வரி சேர்த்துடறேன். நம்ம ஆளு ஒருத்தர் கேட்டு நான் ஒத்துக்கிட்டதா இருக்கட்டும்" என்றார்.

இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். பதிலுரையில் மந்திரி, சபையில் கேட்டதற்குத்தான் பதில் சொல்வார். அறையில் கேட்டது, தாழ்வாரத்தில் கேட்டது, கல்யாண வீட்டில் கேட்டது எதுவும் சபைக்குத் தெரியாது. ஆக எங்களுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வாக்கியம். அண்ணன் வாயிலிருந்து வந்து, சபைக் குறிப்பில் ஏற வேண்டிய ஒரு வாக்கியம். அதை நான் எழுதிக் கொடுத்தேன். பேரவைத் தலைவருக்கு வணக்கம் சொன்னதும் மேடு, ஊற்று, விலக்கு. அதன் பிறகுதான் மற்றது எல்லாம்.

விவாதத்தன்று காலை கட்சிக் கொறடா அண்ணனைக் கூப்பிட்டு அனுப்பினார். திரும்பி வந்தபோது அண்ணன் முகம் கறுத்திருந்தது.

"போஸ்டர்ல தலைமை படம் சின்னதா கீதாம். என் படம் பெருசா கீதாம். எவனோ மேலிடத்துக்கு எழுதிப் போட்டுட்டான். இன்னிக்குத் தலைமை சபையில இருக்காங்களாம். பாத்துப் பேசுன்னாரு."

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஆளுங்கட்சி உறுப்பினர் எழுந்தால், விஷயத்துக்கு வருமுன் தலைமையைப் போற்றியாக வேண்டும். விதிப் புத்தகத்தில் இது கிடையாது. விதியைவிடப் பலமானது. ஒவ்வொரு போற்றலுக்கும் சக உறுப்பினர்கள் மேசையைத் தட்டுவார்கள். தட்டுகிற நேரமும் பேசுகிறவருடைய ஐந்து நிமிடத்தில்தான் கழியும். நன்றாகப் பேசுகிறவருக்கு அதிகம் தட்டுவார்கள். அதனால் நன்றாகப் பேசுகிறவருக்கு நேரம் குறைவு. சிரிக்காதீர்கள், நான் சொல்வது நிஜம்.

"மேட்டைப் பின்னால தள்ளு. போற்றறத முன்னால கொண்டாந்து வெய்யி" என்றார் அண்ணன்.

"அண்ணே, கேக்க வேண்டியத முதல்ல கேட்டுடுங்க. அப்புறம் எவ்வளவு வேணா போற்றிக்குங்க."

"காலையில கொறடா அப்டி சொன்னப்பறம், நான் எழுந்ததும் விலக்கு குடுன்னு கேட்டா எப்டி இருக்கும்? முறைச்சிகினு நிக்கறான்னு ஆயிடும். மந்திரியும் பயந்து கைய இஸ்துக்குவாரு. பந்தியில இனிப்ப வெச்சிட்டுத்தானே மத்தத வெக்கறோம். இனிப்ப வெப்போம். அப்பால கேட்டா யாரும் இல்லன்ன மாட்டாங்க."

அவர் சொன்னது தப்பு என்று இன்றும் என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. முதலில் கேட்டிருந்தால் மந்திரி பின்வாங்கியிருக்கலாம். அண்ணனை அன்றே கட்சியிலிருந்து நீக்கிக் கட்டம் கட்டியிருக்கலாம். என் யோசனையைக் கேட்காமல் போனார் பாருங்கள் என்று பெருமை பேசவும் இதை எழுதவில்லை. அவசரத்தில் ஒரு மனிதன் நல்ல எண்ணத்தோடு எடுத்த முடிவு அது. காகிதங்களை வரிசை மாற்றி அடுக்கிக் கொடுத்தேன்.

மாடத்தில் எனக்குக் கிடைத்த இடத்திலிருந்து அண்ணனின் தலையும் மந்திரியின் முகமும் தெரிந்தன. அண்ணன் எழுந்தார். கண்டக்டர் தொண்டை, மைக் தேவையே இல்லை. "இந்த மசோதாவை என் முழு மனதோடு வரவேற்கிறேன்" என்று தொடங்கினார். அது பொய்யில்லை, உண்மையிலேயே வரவேற்றார். பிறகு தலைமையைப் போற்றினார். தட்டினார்கள். கேளம்பாக்கத்திலிருந்து கல்பாக்கம் வரை இருட்டில் கிடந்த ஊர்களுக்கு ஒரே விளக்காக வந்த தலைமை என்றார். அது நான் எழுதியது இல்லை, அவராக அங்கேயே சொன்னது. பலமாகத் தட்டினார்கள். தலைமை திரும்பிப் பார்த்துப் புன்னகைத்ததும் இன்னும் தட்டினார்கள். சத்தம் அடங்கட்டும் என்று அண்ணன் காத்திருந்தார். பேச்சாளர்கள் அப்படித்தான், கைதட்டல் நடுவில் பேச மாட்டார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். நகத்தைக் கடித்தேன். மந்திரி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சத்தம் அடங்கியது. "இந்த நேரத்தில் மாண்புமிகு அமைச்சருக்கு ஒரே ஒரு வேண்டுகோள்" என்றார் அண்ணன்.

மணி அடித்தது.

"உறுப்பினர் அமரவும். நேரம் முடிந்தது."

"ஒரு நிமிஷம்... ஒரே ஒரு வார்த்தை..."

"நிறைய பேர் பேச வேண்டியிருக்கிறது. அமருங்கள்." அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டார் பேரவைத் தலைவர். மைக்கை நிறுத்திவிட்டார்கள். அண்ணன் உதடு அசைந்தது எனக்குத் தெரிந்தது. திட்டுக்குப்பம் என்று சொன்னார் என்று நினைக்கிறேன். அடுத்தவர் எழுந்து போற்றத் தொடங்கியிருந்தார், அதற்கும் மேசை தட்டிக்கொண்டிருந்தார்கள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று சொல்வார்களே, எங்களுக்கு வாய் வரைக்கும் வந்தது.

மந்திரி பேனாவை மூடிவிட்டார். பதிலுரையில், மசோதாவை முழு மனதோடு வரவேற்ற உறுப்பினர் என்று அண்ணனைத் தனியாகக் குறிப்பிட்டு நன்றி சொன்னார். அதற்கும் தட்டினார்கள். மசோதா நிறைவேறியது.

உடனே மந்திரியின் அறைக்கு ஓடினோம். அவருக்கே வருத்தம்தான். "ஏன் சார் கேக்கல? நான் காத்துக்கிட்டே இருந்தேனே. இப்ப நிறைவேறிப் போச்சு. இனிமே திருத்தம் கொண்டு வரணும்னா எல்லா ஊரும் எனக்கும் விலக்கு குடுன்னு நிப்பாங்க. ஒரு வரி, சார். ஒரே ஒரு வரி கேட்டிருக்கக் கூடாதா?" என்றார். படியில் இறங்கும்போது அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டார். வயசானவர் பிடிப்பதுபோல இருந்தது. அப்போது அவருக்கு அப்படி ஒன்றும் வயசாகிவிடவில்லை.

மறுநாள் கட்சிப் பத்திரிகையில் அண்ணன் படம் வந்தது. மசோதாவை ஆதரித்து முழக்கமிட்டார் என்று போட்டிருந்தார்கள். அந்தப் பத்திரிகை திட்டுக்குப்பம் டீக்கடைக்கும் போயிருக்கிறது.

கன்னியம்மா செங்கல்பட்டில் அண்ணன் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. வாசலிலேயே நின்றார். கோபமாக வந்திருந்தால் தேவலை என்றிருந்தது. அந்த அம்மா முகத்தில் கோபமே இல்லை.

"நீ கேட்டியாண்ணா? பேப்பர்ல வேற மாரி போட்டுகிறாங்கோ. ஊர்ல ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்கோ. உன் வாயால கேட்டுக்கினு போலாம்னு வந்தேன்."

நான் முந்திக்கொண்டு, "அம்மா, அண்ணன் கேக்கத்தான் போனாரு..." என்று தொடங்கினேன். அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார்.

"கேக்கல கன்னிம்மா" என்றார்.

"ஏண்ணா?"

"கேக்கல. அவ்ளோதான்."

கன்னியம்மா சரிண்ணா என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். அந்தத் தடவை கருவாடு கொடுக்கவில்லை.

மணி அடித்ததை ஏன் சொல்லவில்லை என்று அவரிடம் சண்டை போட்டேன். "சொன்னா அவ மணி அடிச்சவர திட்டுவா. மைக்க நிறுத்தினவன திட்டுவா. எனக்கு பதிலா அவங்க எதுக்குத் திட்டு வாங்கணும்? நேரம் என்கிட்ட இருந்துது. அத வேற எதுக்கோ செலவு பண்ணிட்டேன். ஊர்க்காரன் வளைவு கேட்டா ரோடு கீதான்னு கேட்டவன்டா நானு" என்றார்.

பிறகு நடந்தது நீங்கள் ஊகிக்கக்கூடியதுதான். திட்டுக்குப்பம் ஊராட்சி கலைந்து பேரூராட்சியோடு சேர்ந்தது. ரோடு வந்தது, விளக்கு வந்தது. அண்ணன் சொன்ன நன்மை எல்லாம் வந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். விடுதி வந்தது. ரோடு நேராக விடுதி வாசலுக்குப் போய், அங்கிருந்து வளைந்து ஊருக்குப் போனது. மேட்டில் முதல் ஆழ்துளைக் கிணறு இறங்கியது. பிறகு இன்னொன்று. சில வருடத்தில் பெண்கள் பள்ளம் பறித்தால் ஊறிய தண்ணீர் லேசாகக் கரித்தது. அப்புறம் வாயில் வைக்க முடியாமல் போனது. கைக்குழந்தைக்காரிகள் குடத்தை எடுத்துக்கொண்டு மெயின் ரோட்டுக்கு நடந்தார்கள். அண்ணன் தொகுதி நிதியிலிருந்து குழாய் போட முயன்றார். தண்ணீர் வருகிற இடமும் போகிற இடமும் இப்போது பேரூராட்சிக்குள் இருந்ததால் மன்றத்தின் ஒப்புதல் வேண்டும் என்றார்கள். ஒப்புதல் வந்தபோது அவர் பதவிக்காலம் முடிந்திருந்தது. அடுத்த தேர்தலில் கட்சி அவருக்கு இடம் தரவில்லை. அவ்வளவு போற்றியும் தரவில்லை என்று நான் கசப்போடு சொன்னேன். அவர் சிரிக்கக்கூட இல்லை. திட்டுக்குப்பம் பக்கம் போவதையே நிறுத்திவிட்டார். கல்யாணப் பத்திரிகை வந்தாலும் என்னைத்தான் அனுப்புவார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு நடந்த உள்ளாட்சித் தேர்தல் ஒன்றில் கன்னியம்மா திட்டுக்குப்பம் வார்டு உறுப்பினராக அந்தப் பேரூராட்சி மன்றத்துக்குப் போனார். எந்தக் கட்சியும் இல்லை. முதல் கூட்டத்தில் விடுதியை விரிவாக்கவும் மேட்டில் மேலும் ஒரு கிணறு போடவும் அனுமதி கேட்கும் விஷயம் வருகிறது என்று கேள்விப்பட்டோம். அண்ணன் அன்று காலை சட்டையைப் போட்டுக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"வா, போலாம். ஓரமா உக்காந்து பாப்போம்."

இருவரும் அவர் ஒரு காலத்தில் டிக்கெட் கிழித்த தடத்திலேயே பஸ் ஏறிப் போனோம். மன்றக் கூடத்தில் பின்வரிசை பெஞ்சில் உட்கார்ந்தோம். முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் ஆயிற்றே என்று ஒருவர் அண்ணனுக்கு நாற்காலி கொண்டுவரப் போனார், அண்ணன் வேண்டாம் என்று கையசைத்தார்.

உறுப்பினர்கள் ஒவ்வொருவராக எழுந்து, மன்றத் தலைவரை வாழ்த்தி, அவருடைய தலைவரை வாழ்த்தி, அந்தத் தலைவருக்கும் மேலே உள்ளவரை வாழ்த்தினார்கள். மேசைகள் தட்டப்பட்டன. சபையில் உள்ள பழக்கம் மூங்கில் தட்டி வைத்த இந்தக் கூடம் வரைக்கும் இறங்கி வந்திருந்தது. கன்னியம்மாவின் முறை வந்தது. புதுப் புடவை கட்டிக்கொண்டிருந்தார். எழுந்தார்.

"எங்க மேட்டுத் தண்ணி உப்பு கரிக்குது. இன்னொரு கெணறு போடக் கூடாது."

கூடம் ஒரு நொடி முழித்தது. மன்றத் தலைவர் சிரித்துக்கொண்டே, "மொதல்ல வாழ்த்து சொல்லிட்டு ஆரம்பிம்மா. புதுசுன்னு பாக்கறேன்" என்றார்.

"வாழ்த்து அப்பால சொல்றேன். எங்க மேட்டுத் தண்ணி உப்பு கரிக்குது. இன்னொரு கெணறு போடக் கூடாது. போட்டுக்கினு கீறதையும் மூடணும்."

"உக்காரும்மா, முறைன்னு ஒண்ணு இருக்கு இல்ல..."

அந்த அம்மா உட்காரவில்லை. எழுத்தர் பக்கம் திரும்பி, "எழுதிக்கினீங்களா?" என்று கேட்டார். எழுத்தர் தலைவரைப் பார்த்தார், பிறகு கன்னியம்மாவைப் பார்த்தார். எழுதிக்கொண்டதாகத் தலையசைத்தார். அதற்குப் பிறகுதான் அந்த அம்மா உட்கார்ந்தார். கை தூக்கச் சொன்னார்கள். எதிர்த்துத் தூக்கிய கை கன்னியம்மாவுடையது மட்டும். அனுமதி நிறைவேறியது.

என் பக்கத்தில் அண்ணன் இரண்டு கையாலும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கூட்டம் முடிந்து வெளியே வெயிலில் நின்றோம். கன்னியம்மா வந்தார். அண்ணனைப் பார்த்ததும் நின்றுவிட்டார். அவ்வளவு வருடத்துக்குப் பிறகு அன்றுதான் இருவரும் நேருக்கு நேர் நின்றார்கள்.

"இன்னாண்ணா, நீ எங்க இங்க? வெயில்ல நின்னுகினு கீற. பாத்த இல்ல, தோத்துட்டேன்."

அண்ணன் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. துடைத்துக்கொள்ளவில்லை. அவர் அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை, மனைவியைப் பறிகொடுத்த நாளில்கூடப் பார்த்ததில்லை.

"நீ தோத்த கன்னிம்மா" என்றார். "நான் தோக்கக்கூட இல்ல."

அந்த அம்மா மறுத்துச் சொல்வார், அப்படி எல்லாம் இல்லண்ணா என்று ஒரு வார்த்தை ஆறுதல் சொல்வார் என்று நான் காத்திருந்தேன். அவர் கேட்டாரம்மா, மணி அடிச்சிட்டாங்க என்று என் வாய்நுனி வரைக்கும் வந்தது. அண்ணன் பக்கம் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

"ஆமாண்ணா" என்றார் கன்னியம்மா.

திட்டுக்குப்பத்துக்குத் தண்ணீர் லாரி வரும் நேரமாகிவிட்டது, வீட்டில் யாரும் இல்லை, குடம் வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோவை நிறுத்தி ஏறிக்கொண்டார். அண்ணன் அது போன திசையைப் பார்த்துக் கும்பிட்டபடியே நின்றார். எங்கள் பஸ் வந்து, ஆட்களை இறக்கி ஏற்றிக்கொண்டு, எங்களை விட்டுவிட்டுப் போனது. நான் அவரைக் கூப்பிடவில்லை.